பெயர் எழுதாத போர்ட்

இலக்கியா எழுதுவதை மனிதர் யாரும் படிப்பதில்லை. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது அவள் அலுவலகம். அங்கே உட்கார்ந்து அவள் எழுதுகிறாள். ஒரு இயந்திரம் படிக்கிறது. ஒரு வரி விடாமல் படிக்கிறது, படித்தபடியே செய்கிறது, எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மனிதர்களில் இப்படி ஒரு வாசகன் கிடைப்பானா என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வாள். கிடைத்தால் என்ன ஆகும் என்று அப்போது அவள் யோசித்துப் பார்க்கவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டையில் சில ஆலைகளுக்குள் ஓடும் நெட்வொர்க் முழுவதும் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. நெட்வொர்க் என்றதும் மேகம், வானம் என்று கற்பனை செய்ய வேண்டாம். சுவரில் மாட்டிய தகரப் பெட்டிகள், அவற்றிலிருந்து புறப்படும் வயர்கள், அவ்வளவுதான். பெட்டிக்குப் பெயர் சுவிட்ச். அதன் முகத்தில் வரிசையாக ஓட்டைகள். ஓட்டைக்குப் பெயர் போர்ட். ஒன்றில் கணக்குப் பிரிவின் கணினி, இன்னொன்றில் வாசல் கேமரா, வேறொன்றில் லாரி எடை போடும் மேடை. எந்தப் போர்ட் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதை மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தபடியே கட்டளை கொடுத்து மாற்றலாம். முன்பெல்லாம் இலக்கியாவும் அவளோடு இருந்தவர்களும் இந்தக் கட்டளைகளைக் கையால் தட்டினார்கள். இப்போது ஒரு ஏஐ ஏஜென்ட் அந்த வேலையைப் பார்க்கிறது.

அலுவலகத்தில் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. தலை தீபாவளிக்கு வந்தவரைப் போல, எல்லாவற்றையும் எடுத்து எதிரில் வைத்தால்தான் தொடும். வைக்காததைக் கேட்டு வாங்கவும் செய்யாது. எடுத்து வைக்கிற வேலை இலக்கியாவுடையது. ஒவ்வொரு கருவிக்கும் அவள் ஒரு குறிப்பு எழுத வேண்டும். இது என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கவே கூடாது, தப்பாகப் போனால் எப்படித் திரும்பி வருவது என்று பால்குடிக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். பத்து வருடம் கட்டளை தட்டிய கை என்பதால் அவளுக்கு இது நன்றாக வந்தது. முதலாளி சாய்நாத், "இந்த டாக்குமென்ட்தான் நம்ம கம்பெனியோட சொத்து" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய வீதியில் பிறந்து வளர்ந்தவர், மென்மையான மனிதர், யாரையும் கடிந்து பேசத் தெரியாது. நல்ல குணம்தான். ஆனால் நல்ல குணமும் சமயத்தில் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இலக்கியாவின் ஊர் குமராட்சிப் பக்கம். நெல் பயிரிடும் குடும்பம். அப்பா போனபோது அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. தம்பி அருள்முருகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைச் சிதம்பரத்துக்குக் கூட்டிவந்து, டிப்ளமோ படிக்கவைத்து, வேலைக்கு அனுப்பி, பெண் பார்த்துக் கட்டிவைத்தது எல்லாம் அவள்தான். அவனும் அதற்குத் தகுந்தபடிதான் இருந்தான். எந்தப் படிப்பு, எந்தக் கம்பெனி, எந்தப் பெண் என்பதெல்லாம் போகட்டும், தீபாவளிக்கு எடுத்த சட்டையைக்கூட அக்காவிடம் காட்டிவிட்டுத்தான் போட்டுக்கொள்வான். இதைப் பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். இலக்கியாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அவனுக்கு வேலை சிப்காட்டில், இலக்கியாவின் அலுவலகம் பார்த்துக்கொள்ளும் ஆலைகளில் ஒன்றான ரசாயன ஆலையில். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து வாயுத் தொட்டிகளின் அளவுகளைக் கவனிக்க வேண்டும். எங்கேயாவது கசிந்தால் சென்சார் மோப்பம் பிடித்து நெட்வொர்க் வழியாகச் செய்தி அனுப்பும். அறையில் அலாரம் அலறும். அவன் வால்வை மூடி, சைரன் ஊதி, ஆட்களை வெளியேற்ற வேண்டும். மற்ற நேரம் பூராவும் ஒரு பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் மதியம் குழாய் இணைப்பு ஒன்றில் வாயு கசிந்தது. கீழே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி பழனிவேல், கண்ணெல்லாம் எரிய, மூச்சு வாங்க, தட்டுத்தடுமாறி வெளியே ஓடிவந்து விழுந்தார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அருள்முருகன் எட்டிப் பார்த்து வால்வை மூடினான். பழனிவேல் கடலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் நெஞ்சு பழையபடி ஆகுமா என்று டாக்டர்கள் வாய் திறந்து சொல்லவில்லை.

அலாரம் அடிக்கவே இல்லை என்றான் அருள்முருகன். ஆலைக்காரர்கள் சென்சாரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். சென்சார் பிரமாதமாக வேலை செய்கிறது என்று பதில் வந்தது. சென்சார் சரியாக இருக்கிறது என்றால் ஆள்தான் சரியில்லை. இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான். மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டான், தூக்கக் கலக்கத்தில் அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டி, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவைத்தார்கள். அவன் மனைவி அப்போது ஏழு மாதம்.

ஊரார் சொன்னதை விடுங்கள். இலக்கியா சொன்னதுதான் அவனுக்குப் பெரிது. அவள் ஆத்திரத்தில் இருந்தாள். ஒரு மனிதர் மூச்சு விட முடியாமல் கிடக்கிறார், இவன் தன்னை ஆளாக்கின அக்காவிடமே கதை அளக்கிறானே என்று வயிறு எரிந்தது. "சென்சார் நல்லாருக்கு. ஒயர் நல்லாருக்கு. அந்த லைன் நாங்க போட்டதுடா. அடிக்காம எப்புடிடா இருக்கும்? தூங்கினா தூங்கினேன்னு சொல்லு, பொய் சொல்லாத" என்று அவன் மனைவிக்கு எதிரிலேயே கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் குனிவை அவள் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, விசாரணைக்கு முந்தின நாள், சாய்நாத் ஒரு வேலை கொடுத்தார். புது வாடிக்கையாளர் ஒருவருக்கு மாப்பிள்ளையின் பிரதாபங்களை எடுத்துக்காட்ட வேண்டும். மழைக்கு முன்னால், எல்லா ஆலைகளிலும் பயன்படாத போர்ட்டுகளை மூடு என்று ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்ததும், டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூடி முடித்தது அல்லவா, அதை எழுது என்றார். அன்றைக்கு அலுவலகத்தில் இனிப்பு வாங்கிக் கொண்டாடினார்கள். முதல் துண்டை இலக்கியாவின் வாயில்தான் ஊட்டினார்கள், குறிப்பு எழுதியவள் அவள் என்பதால்.

அவள் ஏஜென்ட்டின் செயல்பதிவைத் திறந்து மேலிருந்து கீழே ஓட்டினாள். ஒவ்வொரு போர்ட்டையும் எப்போது மூடியது, ஏன் மூடியது என்று அது எழுதி வைத்திருந்தது. தம்பியின் ஆலை வந்தது. அங்கே தொட்டிகளுக்குப் பக்கத்துச் சுவிட்சில் ஒரு போர்ட். பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. காரணம் என்ற இடத்தில் ஏஜென்ட் தன் சொந்த வார்த்தை எதையும் போடவில்லை. இலக்கியாவின் குறிப்பிலிருந்து இரண்டு வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பெயர் எழுதப்படாமலும், ஒரு மாதமாகத் தகவல் எதுவும் போய்வராமலும் இருக்கும் போர்ட் பயன்பாட்டில் இல்லாதது. அதை மூடலாம்.'

 திரையில் இருந்தது தன் வாக்கியம்தானா என்று மறுபடி மறுபடி படித்தாள். பிறகு கண்ணாயிரத்துக்கு போன் போட்டாள். அலுவலகத்தில் வயர் இழுக்கிற வேலை முழுக்கப் பார்ப்பவர் அவர். நாள் பூராவும் சிப்காட்டில்தான் இருப்பார். தொட்டிப் பக்கத்துச் சுவிட்சில் பேர் இல்லாத போர்ட் ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டாள்.

"கேஸ் அலாரம்மா. அதான் பேரு எழுதாம வுட்டிருக்கேன். நமக்குத் தெரிஞ்சதுதான?" என்றார் கண்ணாயிரம்.

நமக்குத் தெரிந்ததுதான். அவளுக்கும் தெரியும். அதுதான் கொடுமை. பல வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த ஒருவர், ஒரு போர்ட்டுக்கு அலாரம் என்று பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அந்த வழியே ஒரு சோதனைச் செய்தியை அனுப்பிவைத்தார். சைரன் ஊதி, ஆலையே வேலையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடியது. வந்தவர் கார் ஏறிப் போய்விட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டவர் கண்ணாயிரம். அன்றிலிருந்து, தொடக்கூடாத போர்ட் எதுவோ அதற்கு அவர் பெயரே எழுதுவதில்லை. எழுதி வைத்தால்தானே எவனாவது கை வைப்பான் என்பது அவர் கட்சி. நிஜமாகவே காலியாக இருப்பதற்குத்தான் 'காலி' என்று எழுதுவார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. பெயர் இல்லாத போர்ட்டைக் கண்டால் கையை எடுத்துவிட்டு அவருக்கு போன் போடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்தக் கையால் சோறு சாப்பிடுவது என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மாப்பிள்ளைக்கு அது தெரியாது. இலக்கியா குறிப்பு எழுதியபோது, உலகத்தில் எல்லா நெட்வொர்க்குக்கும் பொருந்துகிற ஒழுங்கைத்தான் எழுதினாள்: பெயர் இல்லை, போக்குவரத்து இல்லை, மூடு. வாயு கசிந்தால் மட்டும் பேசுகிற வயர் மற்ற நாளில் ஏன் பேசப் போகிறது? ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அதற்குச் சோதனை. கட்டுப்பாட்டு அறையின் பச்சை விளக்கோ மின்சாரம் இருந்தால் போதும், எரியும்.

மூடிக்கிடந்த அந்தப் போர்ட்டை அவள் திறந்தாள். ஏஜென்ட்டை நிறுத்தினாள். கண்ணாயிரத்தைப் போனிலேயே வைத்துக்கொண்டு, எல்லா ஆலைகளிலும் பெயர் இல்லாத போர்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் திறந்தாள். ஒன்று தீயணைப்புப் பம்பு. ஒன்று கொதிகலன். அவர் பேர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். முடிந்ததும் கண்ணாயிரம் மெதுவாக, "நம்ம தம்பி ஃபேக்டரில அன்னிக்கி..." என்று ஆரம்பித்து, மேலே பேசாமல் போனை வைத்துவிட்டார்.

இலக்கியா போய்ச் சொன்னதைச் சாய்நாத் கேட்டுவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.  பேச்சு மென்மையாகத்தான் வந்தது. போர்ட் இப்போது திறந்துவிட்டது, இனி ஆபத்தில்லை. வெளியே சொன்னால் தொழிற்பேட்டையில் ஒரு ஆலைகூட நம்மை உள்ளே விடாது. கண்ணாயிரம், இலக்கியா உட்பட எல்லோரும் தெருவில் நிற்க வேண்டும். தூங்கிவிட்டான் என்று ஆனால் தம்பிக்கு அதிகபட்சம் ஒரு எச்சரிக்கை, அதை ஆலை மேலாளரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். "உங்களுக்காகத்தாம்மா சொல்றேன்" என்றார். அதுவும் நிஜம்தான். மனிதர் அவளுக்காகவும்தான் சொன்னார். அவள் மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள்.

பஸ் சிப்காட்டைத் தாண்டித்தான் போகும். தினம் பார்க்கிற புகைபோக்கிகள். அன்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பி வீட்டுக்கு நேராகப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். அவன் அவளைப் பார்த்ததும் பாயை விரித்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பல நாள் பாரம் இறங்கினவன் போலப் பேசினான். பழனிவேலை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டானாம். அவரும் பெரிய மனது பண்ணி, போவட்டும் வுடுப்பா என்றாராம். அங்கிருந்து நேராக ஆலைக்குப் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வந்தானாம்.

"தூங்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்கா. நாளைக்கி விசாரணை சும்மா பேருக்குத்தான்."

 நீ தூங்கவில்லையடா என்ற இரண்டு வார்த்தை இலக்கியாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அக்கா கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் மறுபடி தலையைக் குனிந்தான். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து தோசைக்கல்லைப் போட்டாள். இலக்கியா ஒரு தோசையை எப்படியோ விழுங்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.  கோழை, கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு படுத்திருந்தாள். திட்டுவதில் அவள் குறை வைக்கிறவள் இல்லை. அன்று அது முழுக்க அவளுக்கே கிடைத்தது.

மறுநாள் காலை கடலூர் பஸ்ஸில் ஏறியவள் மஞ்சக்குப்பம் போகவில்லை. சிப்காட்டிலேயே இறங்கினாள். நெட்வொர்க் பார்க்க வருகிறவர்களுக்கான நுழைவு அட்டை அவளிடம் இருந்தது. வாசலில் யாரும் தடுக்கவில்லை. நிர்வாகக் கட்டடத்தில் நீளமான மேசையின் ஒரு பக்கத்தில் விசாரணை அதிகாரி ராமாமிர்தம் இருந்தார். ஆலைக்காரர்கள் வெளியிலிருந்து அமர்த்திய, தலை நரைத்த வழக்கறிஞர். எதிர்ப்பக்கம் அருள்முருகன், இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சைக்கு வந்தவன் போல உட்கார்ந்திருந்தான். கூப்பிடாமல் உள்ளே வந்த அக்காவைப் பார்த்ததும் 'அக்கா' என்று பதறி எழுந்துவிட்டான்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "அலாரம் அடிக்கல சார். அடிக்க வழியில்லாம பண்ணது நான் எழுதின ஒரு வரி. இவன் தூங்கல."

நீங்கள் இவருடைய அக்கா, தம்பியைக் காப்பாற்ற வந்திருக்கிறீர்களா என்று ராமாமிர்தம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அவள் மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். போர்ட் மூடிய தேதி கசிவுக்கு முன்னால் இருந்தது. திறந்த தேதி நேற்றாக இருந்தது. நடுவில் இருந்த நாட்களில் அந்த வயரில் ஒரு எழுத்துகூடப் போகவில்லை. ராமாமிர்தம் ஆலையின் கருவிப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போய், இது உண்மைதான் சார் என்றார்.  பெயர் எழுதாத ஒரு ஓட்டைக்குப் பின்னால் இத்தனை பேர் உயிர் இத்தனை நாள் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

ராமாமிர்தம் கண்ணாடியைக் கழற்றினார். எதிரில் இருந்த கையெழுத்துத் தாளை எடுத்து அருள்முருகனிடம் காட்டினார்.

"அப்ப, தூங்காத மனுசன் தூங்கிட்டேன்னு எதுக்குப்பா எழுதிக் குடுத்த? யாராவது மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டல சார்" என்றான் அருள்முருகன். அவன் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளப் பார்க்கிறவன் போல நிதானமாகச் சொன்னான். "முழிச்சிக்கிட்டுதான் இருந்தேன். பச்ச வெளக்கையே பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஆனா எங்கக்கா, அலாரம் அடிக்காம இருக்காதுன்னாங்க. இந்த வேலைல அவுங்களுக்குத் தெரியாதது கெடையாது. அவுங்க சொன்னாங்கன்னா, அப்ப நான்தான சார் தூங்கியிருக்கணும்? நெனச்சி நெனச்சிப் பாத்தேன். தூங்கின மாதிரியே ஆயிடுச்சி."

இலக்கியாவுக்குச் செயல்பதிவைப் படித்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது இயந்திரம், சொன்னதைச் செய்தது. இவன் தன் கண்ணால் பார்த்ததை, தான் விழித்திருந்ததை, அவள் ஒரு வார்த்தை சொன்னாள் என்பதற்காக அழித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

ராமாமிர்தம் அந்தத் தாளைக் குறுக்கே கிழித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் எதிரில் வைத்து, அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு, இன்றே உன்னை வேலைக்குச் சேர்க்கச் சொல்லி எழுதிவிடுகிறேன் என்றார். இலக்கியாவைப் பார்த்து, உங்கள் கம்பெனியிடம் தனியாகக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, வெளியே உட்காருங்கள் என்றார். அவள் நகரவில்லை.

அருள்முருகன் பேனா மூடியைக் கழற்றினான். தாளின் மேலே தேதியைப் போட்டான். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, சின்ன வயதிலிருந்து செய்கிறபடியே அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, என்னான்னு எழுதட்டும்?"

அவளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. "என்ன கேக்காதடா" என்றாள். "நீ பாத்தத எழுது."

அவன் சரி என்று தலையாட்டினான். ஆனாலும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.